ஏலத்தில் வந்த பெயரில்லாத பெட்டி: இது என்ன கணினி?

பினெட்டவுன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு பழைய ஆய்வகத்தை மூடி, சாமான்களை ஏலம் விட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஆசிலோஸ்கோப். இரண்டையும் ஒரே லாட்டாகக் கட்டியிருந்ததால் இந்தப் பெட்டியும் சேர்ந்து பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

19 அங்குல ரேக்கில் மாட்டும் தட்டையான இரும்புப் பெட்டி, உயரம் நாலு அங்குலத்துக்குள். முன்பக்க மூடி இல்லை. கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர் எதுவும் கண்ணில் படவில்லை. முன்னால் மூன்று சின்ன சுவிட்சுகள், பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள். சுவிட்சுக்குக் கீழே எழுத்து தேய்ந்துவிட்டது. ஒன்றில் மட்டும் 'எல்டிசி' என்று படிக்க முடிகிறது.

உள்ளே போர்டுகள் படுக்கைவாட்டில் நாலு அடுக்காக இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் எண்:

முதல் அடுக்கு: எம்8186, பக்கத்தில் எம்8044
இரண்டாம் அடுக்கு: முழு அகலத்துக்கு ஒரே போர்டு, ஏ012
மூன்றாம் அடுக்கு: எம்8043, பக்கத்தில் எம்8029
நாலாம் அடுக்கு: எண்ணே இல்லாத ஒரு போர்டு (எம்8043-க்கு நேர் கீழே), பக்கத்து இடம் காலி

ஏ012-இலிருந்து ஒரு பட்டைக் கேபிள் வெளியே வந்து, ஸ்க்ரூ டெர்மினல்கள் வைத்த ஒரு பேனலுக்குப் போகிறது. அதோடு ஒரு அட்டைப்பெட்டி நிறைய பெரிய ஃபிளாப்பிகள், 8 அங்குலம். பவர் கேபிளில் நம் ஊர் மூன்று வட்டக்கால் பிளக் இருக்கிறது. செருகிப் பார்க்கலாமா?

மிட்ராண்ட்_மென்பொருள்

பெயர்ப்பலகையைக் கழற்றியிருக்கிறார்கள் என்றால் எனக்கு உடனே தோன்றுவது நிறவெறி ஆட்சிமேல் பொருளாதாரத் தடை இருந்த காலம்தான். 1983 நவம்பரில் ஹாம்பர்கிலும் ஸ்வீடனிலும் வாக்ஸ்-11/782 கணினியின் பாகங்கள் பிடிபட்டனவே. அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, இங்கிருந்து சோவியத் யூனியனுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது. இதுவும் அந்த மாதிரி கை மாறிய பொருளாக இருக்குமோ?

பழையசுற்று

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். செருகாதீர்கள். போர்டு எதையும் உருவவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

இது டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கம்பெனியின் பிடிபி-11 மினிகணினிக் குடும்பம். அதில் க்யூ-பஸ் வகை; க்யூ-பஸ் என்பது போர்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொதுப் பாதை. கைப்பிடியில் எம் என்று தொடங்கும் நான்கு இலக்க எண்தான் டெக் போர்டுகளின் முகவரி. பெட்டியில் பெயர் இல்லாமல் போனாலும் போர்டில் இது போகாது. நீங்கள் கொடுத்த வரிசையை வைத்துச் சொல்கிறேன்.

எம்8186 என்பது கேடிஎஃப்11-ஏ, அதாவது பிடிபி-11/23-இன் சிபியு. எம்8044 என்பது எம்எஸ்வி11-டி நினைவகம். முழுசாக நிரப்பியிருந்தால் 32 கிலோ வேர்டு, நம் கணக்கில் 64 கிலோபைட். எம்8043 என்பது டிஎல்வி11-ஜே, நாலு சீரியல் போர்ட். எம்8029 என்பது ஆர்எக்ஸ்02 ஃபிளாப்பி டிரைவுக்கான கன்ட்ரோலர். உங்கள் 8 அங்குல ஃபிளாப்பிகளுக்கு விளக்கம் அதுதான்.

பெட்டி மட்டும் 11/23-ஐவிட மூத்தது. மூன்று சுவிட்சுகளும் அந்தத் தட்டையான உயரமும் பிடிபி-11/03-இன் அடையாளம். சுவிட்சுகள் டிசி ஆன், ஹால்ட், எல்டிசி. எல்டிசி என்பது கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸை எடுத்து நொடிக்கு 50 தடவை சிபியுவைத் தட்டும் கடிகாரம். விளக்குகளில் ஒன்று டிசி, மற்றது ரன். முன் மூடி வெறும் அழுத்திப் பொருத்துவதுதான், இழுத்தால் கையோடு வந்துவிடும். பாதிப் பெட்டிகள் இன்று மூடி இல்லாமல்தான் கிடைக்கின்றன. அதனால் கடத்தல் வரைக்கும் போக வேண்டியதில்லை, தம்பி. டெக் இந்தப் போர்டுகளைக் கருவி செய்யும் கம்பெனிகளுக்குத் தனித்தனியாகவும் விற்றது. வாங்கியவர்கள் தங்கள் பெயரில் மூடி போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு ஆர்வமூட்டுவது ஏ012. எம் வரிசை டிஜிட்டல் போர்டு. ஏ என்றால் அனலாக். ஏ012 என்பது ஏடிவி11-ஏ, 16 சேனல், 12 பிட் ஏ-டு-டி கன்வெர்ட்டர், அதாவது வோல்ட்டை எண்ணாக மாற்றித் தருவது. கணக்கு எழுதும் கணினிக்கு இது தேவையே இல்லை. இந்தப் பெட்டி எதையோ அளந்துகொண்டிருந்தது.

பினெட்டவுன்வாசி

மிக்க நன்றி அண்ணா. சரி, போர்டை ஏன் உருவக்கூடாது? எடுத்துத் துடைத்துவிட்டுப் படம் போடலாம் என்று இருந்தேன்.

கள_எஞ்சினியர்

நான் பதில் சொல்கிறேன். 80-களில் இந்த மெஷின்களைப் பழுதுபார்த்துத்தான் என் குடும்பம் சாப்பிட்டது.

க்யூ-பஸ்ஸில் ஒரு போர்டு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே பாதித் தகவல். சிபியு 'உன் கோரிக்கையைக் கேட்கிறேன்' என்று சொல்லும் கிரான்ட் சிக்னல் ஒரே கம்பியாக எல்லாருக்கும் போகாது. முதல் போர்டுக்குள் நுழைந்து வெளியே வந்து, அடுத்ததுக்குள் நுழைந்து, பந்தியில் இலைக்கு இலை சோறு வருகிற மாதிரி வரிசையாகப் போகும். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தால் சங்கிலி அங்கே அறுந்தது. அதற்கு அப்பால் இருக்கிற போர்டு இன்டரப்ட் (சிபியுவின் கவனம்) கேட்டாலும் டிஎம்ஏ (நினைவகத்தை நேரடியாகத் தொட அனுமதி) கேட்டாலும் பதில் கிடைக்காது.

இந்தப் பேக்ப்ளேன், அதாவது போர்டுகள் செருகியிருக்கும் பின்பலகை, எச்9270. அதில் வரிசை நேராகப் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து போகும். மேல் அடுக்கில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், அடுத்த அடுக்கில் அப்படியே கீழே இறங்கித் திரும்பி வரும். அப்படிப் பார்த்தால் நீங்கள் சொன்ன காலி இடம் கடைசி இடமல்ல. அது ஏழாவது. எண் இல்லாத போர்டு எட்டாவது, அதாவது ஆகக் கடைசி.

உருவி மேசையில் அடுக்கியிருந்தால் இது தெரிந்திருக்காது. ஏலச் சாமானில் எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். விற்கிறவர் 'சுத்தம் பண்ணி' போர்டுகளை உயரம் பார்த்து அடுக்கி, கேபிளை வெட்டிச் சுருட்டித் தருவார். பொருள் எல்லாம் இருக்கும், அது என்ன செய்தது என்ற சேதி மட்டும் போயிருக்கும்.

பழையசுற்று

ஐயா சொன்னதை வைத்து அடுத்த படி போகலாம். ஏழாவது இடம் காலி, எட்டாவதில் ஒரு போர்டு. இரண்டே சாத்தியம். ஒன்று, ஏழில் இருந்ததை யாரோ எடுத்திருக்கிறார்கள். இல்லையென்றால், எட்டில் இருப்பது கிரான்ட் சிக்னலே தேவைப்படாத போர்டு: நினைவகம், அல்லது பூட் ரோம் (கணினியைத் தொடங்கும் நிரல் உள்ள சிப்), அல்லது டெர்மினேட்டர் (பஸ்ஸின் கடைசியில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது).

பினெட்டவுன்வாசி, அந்த எண்ணில்லாத போர்டை உருவாமலே டார்ச் அடித்துப் பாருங்கள். 24 கால் சாக்கெட்டில் சிப் இருக்கிறதா? ரெசிஸ்டர் பேக்குகள் வரிசையாக இருக்கின்றனவா? அதில் என்ன மதிப்பு? பிறகு ஒவ்வொரு போர்டிலும் சிப்புகளின் தேதிக் குறியீடு. நாலு இலக்கம்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 8126 என்றால் 1981-இன் 26-ஆவது வாரம். ஆனால் 7400 வரிசை சிப்புகளில் ஏமாந்துவிடாதீர்கள். 7442 என்று இருந்தால் அது சிப்பின் பெயர், 1974 அல்ல. ஒரு போர்டில் கிடைக்கிற ஆகக் கடைசித் தேதியை எடுங்கள். அதற்கு முன்னால் அந்தப் போர்டு செய்யப்பட்டிருக்க முடியாது.

ஜேகப்ஸ்_இரும்புக்கடை

தம்பி, அதே ஏலத்தில் அடுத்த லாட்டை எடுத்தது நான்தான். உங்கள் எம்8186-இல் செராமிக் மேல் தங்க மூடி போட்ட பெரிய சிப்புகள் இருக்கும். போர்டு ஓரத்து விரல்களிலும் தங்கம். உருக்குகிறவர்கள் கிலோ கணக்கில் நல்ல விலை தருகிறார்கள். வேண்டாமென்றால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் இது சாதாரணம், தப்பாக நினைக்க வேண்டாம்.

பழையசுற்று

அண்ணாச்சி, தப்பாக நினைக்கவில்லை. உங்கள் தொழில் இல்லையென்றால் இதெல்லாம் நேராகக் குப்பை மேட்டுக்குத்தான் போகும். ஆனால் ஓடக்கூடிய 11/23 போர்டு, அதில் இருக்கிற தங்கத்தைவிட அதிக விலைக்குச் சேகரிப்பவர்களிடம் போகும். இந்த இழையைப் படிக்கிற எல்லா இரும்புக்கடைக்காரர்களுக்கும் சொல்கிறேன்: ஓரத்தில் பிளாஸ்டிக் கைப்பிடியும் அதில் எம் எண்ணும் இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.

உங்கள் லாட்டில் ஒரு ரேக் அகல இரும்புப் பெட்டி, முன்னால் இரண்டு நீள வாய்கள், பின்னால் 40 கால் பட்டைக் கேபிள், இப்படி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

ஜேகப்ஸ்_இரும்புக்கடை

இரண்டு வாய் உள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. கனம் அதிகம். மோட்டாரில் செம்பு இருக்கும் என்று தனியாக வைத்திருக்கிறேன். சரி, தொடவில்லை.

பினெட்டவுன்வாசி

தேதிகள்: எம்8186-இல் கடைசி 8126. எம்8044-இல் 8109. ஏ012-இல் 7933. எண்ணில்லாத போர்டில் 8437.

அந்தப் போர்டில் 24 கால் சாக்கெட் இரண்டு. இரண்டிலும் மேலே ஸ்டிக்கர் ஒட்டிய சிப். ஸ்டிக்கரில் ஒன்றில் 'எல்', இன்னொன்றில் 'எச்' என்று பேனாவால் எழுதியிருக்கிறது. பேக்ப்ளேன் பக்கம் ரெசிஸ்டர் பேக்குகள் நிறைய, 180 / 390 என்று அச்சடித்திருக்கிறது.

இன்னொன்று. டெர்மினல் பேனலில் புடைப்பெழுத்து டேப்பில் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. தூசியைத் துடைத்ததும் தெரிந்தது: பிரிக்ஸ் 1, பிரிக்ஸ் 2, போல், டெம்ப் 1, டெம்ப் 2. மீதி வெற்று. பிரிக்ஸ், போல் என்றால் ஏதாவது கம்பெனியா?

டொங்காட்_அக்கா

கம்பெனி இல்லை தம்பி! இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, சர்க்கரை ஆலை லேபில் வேலை பார்த்தவள் நான்.

பிரிக்ஸ் என்பது கரும்புச் சாற்றில் கரைந்திருக்கிற மொத்தத் திடப்பொருள், எடையில் நூற்றுக்கு எவ்வளவு என்று. ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்போம். போல் என்பது போலரிமீட்டர் காட்டும் சர்க்கரை அளவு. துருவ ஒளியைச் சாற்றின் வழியே விட்டால் சுக்ரோஸ் அதைத் திருப்பும். எத்தனை டிகிரி திரும்பியது என்பதிலிருந்து சர்க்கரை தெரியும். போலைப் பிரிக்ஸால் வகுத்து நூறால் பெருக்கினால் ப்யூரிட்டி. ஆலையில் எங்கள் பேச்சு முழுக்க இந்த மூன்று சொல்தான்.

டெம்ப் ஏன் இருக்கிறது என்றால், சூடு மாறினால் பிரிக்ஸும் மாறும். 20 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தித்தான் எழுதுவோம். கையால் பட்டியலைப் பார்த்துத் திருத்திய காலம் உண்டு. இந்தப் பெட்டி அதைத் தானாகச் செய்திருக்கும்.

கரும்பு கொண்டுவருகிறவருக்கு வண்டியின் எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் கணக்கு. அதனால் இந்த லேபில் அரை சதவீதம் தவறினாலும் அது ஒரு சின்ன விவசாயியின் பையில் அடிக்கும். 1860-இல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததே இந்தக் கரும்புக்காகத்தானே. அந்த வழியில் வந்தவர்களில் பலர் பின்னாளில் சொந்த நிலத்தில் கரும்பு போட்டார்கள், என் அம்மா வீட்டிலும்தான். அவர்கள் கரும்புக்கு எண் போட்ட மெஷின் இது மாதிரி ஒன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. பத்திரமாக வையுங்கள் தம்பி.

மிட்ராண்ட்_மென்பொருள்

அக்கா, அருமை. இரும்புப் பெட்டியை வைத்து நான் யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் ஐந்து ஸ்டிக்கரில் வேலையை முடித்துவிட்டீர்கள்.

பழையசுற்று

அக்கா சொன்னது போர்டுகளோடும் அச்சாகப் பொருந்துகிறது. ஏடிவி11-ஐ வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் கேடபிள்யூவி11 என்ற கடிகாரப் போர்டும் கூட வைப்பார்கள், எம்7952. அது முழு அகலப் போர்டு. உங்கள் பெட்டியில் காலியாக இருப்பது அரை அகலம்தான், அதனால் அது அங்கே இருந்திருக்க வழியில்லை. ஆக, நேரக் கணக்குக்கு எல்டிசி-யின் 50 ஹெர்ட்ஸே போதும் என்று விட்டிருக்கிறார்கள். சாற்றின் பிரிக்ஸும் சூடும் மெதுவாக மாறுகிறவை. அதற்கு இது தாராளம்.

எண்ணில்லாத போர்டு டெர்மினேட்டரும் பூட் ரோமும் சேர்ந்தது. 180-உம் 390-உம் இணையாக வந்தால் சுமார் 120 ஓம். க்யூ-பஸ்ஸின் கடைக்கோடியில் போட வேண்டிய டெர்மினேஷன் அதுதான். டெக் அல்லாத வேறு யாரோ செய்தது, அதனால் எம் எண் இல்லை. அதற்கு கிரான்ட் தேவையில்லை என்பதால் ஏழு காலியாக இருந்தும் மெஷின் ஓடியிருக்கும்.

தேதிகள் சொல்லும் கதை: 1979-ஐ ஒட்டி 11/03-ஆகத் தொடங்கி, 1981-க்குப் பிறகு சிபியுவும் நினைவகமும் மாறி, 1984 கடைசியில் அல்லது அதற்கும் பிறகு இந்தப் பூட் போர்டு வந்திருக்கிறது. 11/03-இன் எம்7264 சிபியு முழு அகலம். அதை எடுத்துவிட்டு அந்த அடுக்கிலேயே எம்8186-ஐயும் எம்8044-ஐயும் அக்கம்பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

'எல்', 'எச்' என்பது கீழ் பைட், மேல் பைட். பிடிபி-11 வேர்டு 16 பிட், சிப் 8 பிட், ஆகவே ஜோடி. ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள், அடியில் கண்ணாடிச் சன்னல் இருக்கும், புறஊதா வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

கள_எஞ்சினியர்

இப்போது பவர். இங்கே நிதானம் வேண்டும்.

எல்லாவற்றையும் படம் எடுத்து, எந்தப் போர்டு எங்கே, எந்தக் கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தபின் போர்டுகளை உருவுங்கள். ஜம்பர்களை மாற்றாதீர்கள். ஓரத்து விரல்களைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு; தங்கப்பூச்சு தேய்ந்து போகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுமே போதும். டர்பன் கடல்காற்றுக்குப் பச்சை பிடித்திருந்தால் பொறுமையாக இரண்டு தடவை துடையுங்கள்.

பவர் சப்ளை 230 வோல்ட்டுக்கானதா 115-க்கானதா என்று லேபிளில் பாருங்கள். பிளக் நம் ஊர் பிளக் என்பது சாட்சியாகாது, பிளக்கை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மெயின்ஸ் நுழைகிற இடத்தில் தேன் நிறத்தில் வெடிப்பு விழுந்த கண்ணாடி மாதிரி கெப்பாசிட்டர் இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தக் காகிதக் கெப்பாசிட்டர்கள் ஈரம் குடித்திருக்கும், கரன்ட் பட்ட சில நிமிஷத்தில் வீடு முழுக்கப் புகை.

போர்டு இல்லாமல், +5-இலும் +12-இலும் ரெசிஸ்டர் லோடு வைத்து ஓட்டிப் பாருங்கள். லோடு இல்லாமல் அளந்தால் ஏமாற்றும். மின்வெட்டு நாளில் இந்த வேலை வேண்டாம், கரன்ட் திரும்பி வரும்போது அடிக்கிற அடி பழைய சாமானுக்கு ஆகாது.

எல்லாம் சரியென்றால் சிபியு, நினைவகம், எம்8043 மூன்றை மட்டும் முதலில் போடுங்கள், இடைவெளி இல்லாமல். எம்8043-இல் நாலு பத்துக்கால் ஹெடர் இருக்கும். கன்சோல் சேனல் 3. கால் 3 அனுப்புவது, கால் 8 வாங்குவது, கால் 7-ஐக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும், கிரவுண்ட் கால் 2. கால் 10-இல் 12 வோல்ட் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். யுஎஸ்பி சீரியல் கேபிள் ஆர்எஸ்-232 அளவுக்கானதாக இருக்க வேண்டும். 3.3 வோல்ட் குட்டிப் போர்டை மாட்டினால் அது செத்துவிடும்.

ஹால்ட் சுவிட்சைப் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். ஆறு இலக்கமும் அதற்கடுத்த வரியில் @ குறியும் வந்தால் சிபியு உயிரோடு இருக்கிறது.

பினெட்டவுன்வாசி

வந்தது!

சப்ளை 230 வோல்ட் வகைதான். தேன் நிறக் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது, ஐயா சொன்ன மாதிரியே உடம்பெல்லாம் கோடு. மாற்றினேன். +5-இல் 5.08, +12-இல் 12.1. 9600-இல் வைத்து ஆன் செய்ததும் திரையில் எண், கீழே @.

இனி என்ன தட்டுவது?

பழையசுற்று

அருமை! இப்போது மெஷினையே கேட்கலாம். இது ஓடிடி, சிபியுவின் மைக்ரோகோடுக்குள்ளேயே இருக்கும் மானிட்டர். எல்லா எண்ணும் எட்டடிமானம். முகவரியைத் தட்டி சாய்கோடு போட்டால் அங்கே இருப்பதைக் காட்டும். அந்த முகவரியில் யாருமே இல்லையென்றால் கேள்விக்குறி வரும். பெயரில்லாத போர்டை அடையாளம் காண இதைவிட நேர் வழி கிடையாது: அது எந்த முகவரிக்கு 'உள்ளேன்' சொல்கிறது என்று பாருங்கள். 11/23-இல் முகவரி 18 பிட், அதனால் பழைய கையேடுகளில் 177 என்று தொடங்குவதை 777 என்று தட்டுங்கள்.

எல்லாப் போர்டையும் பழைய இடத்தில் திருப்பிப் போட்டபின்:

777170/ ஃபிளாப்பி கன்ட்ரோலர்
770400/ ஏடிவி11
773000/ பூட் ரோம்

777170-இல் 4000 மதிப்புள்ள பிட் ஏறியிருந்தால் ஆர்எக்ஸ்02 என்று அதுவே சொல்கிறது.

பிறகு ஏ-டு-டி சோதனை. பேனலில் சேனல் 0-ஐக் கிரவுண்டோடு சேருங்கள். 770400-ஐத் திறந்து 1 எழுதுங்கள், அது 'அளந்து சொல்' என்ற கட்டளை. பிறகு 770402-ஐப் படியுங்கள். இது -5.12 முதல் +5.12 வோல்ட் வரை 4096 படிகளாகப் பிரிக்கிறது, படிக்கு 2.5 மில்லிவோல்ட். பூஜ்யம் வோல்ட் நட்டநடுவில், அதாவது 4000 அருகில் வர வேண்டும்.

பினெட்டவுன்வாசி

777170/004000
770400/000000
773000-இலும் எண் வந்தது, கேள்விக்குறி இல்லை.

பிறகு கிரவுண்ட் செய்து 1 எழுதினேன். 770400-ஐத் திரும்பப் பார்த்தால் 000200. 770402-இல் 004001.

கையில் ஒரு டபுள்-ஏ பேட்டரி இருந்தது. அதை அதே சேனலில் மாட்டி இன்னொரு தடவை: 005132. மீட்டரில் அந்தப் பேட்டரி 1.50 வோல்ட்.

மிட்ராண்ட்_மென்பொருள்

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டடிமானம் 5132 என்றால் 2650. நடுப்புள்ளி 2048-ஐக் கழித்தால் 602 படி. 2.5 மில்லிவோல்ட்டால் பெருக்கினால் 1.505 வோல்ட். பூஜ்யத்தில் இருந்த ஒரு படி பிசகையும் கழித்தால் 1.5025. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன போர்டு இது!

டொங்காட்_அக்கா

விவசாயியை ஏமாற்றாத போர்டு.

கள_எஞ்சினியர்

000200 என்பது 'முடித்துவிட்டேன்' பிட். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. சந்தோஷம், தம்பி.

ஃபிளாப்பி டிரைவுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ்02-இன் மோட்டார் நேரடியாக மெயின்ஸில் ஓடும் ஏசி மோட்டார், பெல்ட் வைத்தது. வேகத்தைத் தீர்மானிப்பது 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதும், அதற்கேற்ற கப்பியும். 60-க்கான கப்பியோடு இங்கே ஓட்டினால் நிமிஷத்துக்கு 360 சுற்றுக்குப் பதிலாக 300 சுற்றும், எதையும் படிக்காது. அண்ணாச்சி, அந்தப் பெட்டியின் பின் லேபிளைப் படம் எடுத்துப் போடுவீர்களா?

ஜேகப்ஸ்_இரும்புக்கடை

பார்த்தேன். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. தம்பி வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஏலத்தில் கொடுத்த காசை மட்டும் கொடுத்தால் போதும். பட்டைக் கேபிளை ஏற்கெனவே செம்புக் குவியலில் போட்டுவிட்டார்கள், தேடித் தருகிறேன்.

மிட்ராண்ட்_மென்பொருள்

அந்த ஃபிளாப்பிகளை உடனே செருகிப் படித்துவிடலாமா?

பழையசுற்று

வேண்டாம். பெல்ட்டும் ஹெட்டும் எப்படி இருக்கின்றன என்று தெரியாத டிரைவில் ஒரே பிரதியான ஃபிளாப்பியைச் சுற்றவிடுவது பெரிய ஆபத்து. முதலில் ஒவ்வொன்றின் சன்னல் வழியாகத் தட்டின் மேற்பரப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். ஒன்றைச் சுற்றினால் ஹெட்டில் ஒட்டி அடுத்ததைக் கீறும்.

ஆர்எக்ஸ்02 எழுதும் முறை விசித்திரமானது. செக்டரின் தலைப்பு ஒற்றை அடர்த்தியில், உள்ளே இருக்கும் டேட்டா இரட்டை அடர்த்தியில். அதனால் சாதாரண பிசி கன்ட்ரோலர் இதைப் படிக்காது. காந்தத் துடிப்பை அப்படியே பதிவெடுக்கும் கருவியை 50 கால் கனெக்டர் உள்ள வேறொரு 8 அங்குல டிரைவோடு மாட்டி, பதிவெடுத்துவிட்டு, பிறகு மென்பொருளில் பிரிப்பதுதான் பாதுகாப்பு. ஒரு பக்கத்துக்கு அரை மெகாபைட்தான், ஆனால் அந்த அரை மெகாபைட்டில் இந்தப் பெட்டிக்காகவே எழுதிய நிரல் இருக்கும். டெக் போர்டு உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். பிரிக்ஸைச் சூட்டுக்குத் திருத்திய இந்த நிரல் வேறெங்கும் கிடைக்காது.

டொங்காட்_அக்கா

ஒரு விஷயம் யோசியுங்கள் பிள்ளைகளே. அந்த ஃபிளாப்பிகளில் கரும்பு கொடுத்தவர்களின் பெயர், பணம், ஒருவேளை அடையாள எண்ணும் இருக்கலாம். அந்தக் காலத்து அடையாள எண்ணில் கடைசி இலக்கங்களே நம் இனப்பிரிவைச் சொல்லும், 1986 வரை. மக்கள்தொகைப் பதிவேட்டில் இந்தியரையும் வெள்ளையரையும் கலர்ட் (கலப்பின) மக்களையும் வைத்திருந்தது ஐபிஎம் கணினியில், கறுப்பின மக்களின் பதிவுகள் ஐசிஎல் கணினியில். கணினி என்றால் எங்கள் தலைமுறைக்கு அதுவும் ஞாபகம் வரும். யாருடைய பெயரையும் இங்கே அப்படியே கொட்டிவிடாதீர்கள்.

பழையசுற்று

அக்கா சொல்வது முழுக்கச் சரி. 2013-இன் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டமும் அதைத்தான் கேட்கிறது. நிரல்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பொதுவில் வைக்கலாம். பெயர் உள்ள கோப்பு எதுவானாலும் பதிவை மூடி வைத்து, ஆய்வகத்தின் வாரிசு யார் என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

பினெட்டவுன்வாசி

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஃபிளாப்பிகளைப் பார்த்தேன், பெரும்பாலும் சுத்தமாக இருக்கின்றன. சிலதில் பூஞ்சை, அவற்றைத் தனியாக வைத்துவிட்டேன். ஒரு உறையில் ஆர்டி-11 என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் 'போல் கணக்கு, புதியது' என்று ஆங்கிலத்தில். பூட் ரோமிலிருந்து எந்த டிரைவில் பூட் ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மிட்ராண்ட்_மென்பொருள்

இதை நான் சொல்கிறேன். ஆர்டி-11 என்பது பிடிபி-11-இன் ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் ஆர்எக்ஸ்02-இன் பெயர் டிஒய், ஆர்எக்ஸ்01-இன் பெயர் டிஎக்ஸ். இரண்டெழுத்துப் பெயர் ஒரே வேர்டில் அடங்கும், முதல் எழுத்து கீழ் பைட்டில். டிஒய் என்றால் 054504, டிஎக்ஸ் என்றால் 054104. பூட் ரோம் பெயரைக் கேட்டுப் பூட் செய்கிற வகையாக இருந்தால் இந்த எண் அதற்குள் எங்காவது இருக்கும். சிப்பைத் தனித்தனியாகப் படித்தால் 'எல்'-இல் டி மட்டும், 'எச்'-இல் ஒய் மட்டும் இருக்கும், தேடினால் கிடைக்காது. அதனால் ஓடிடி வழியாக வேர்டாகவே படியுங்கள்.

பழையசுற்று

அதைச் செய்யுங்கள். 773000-ஐத் திறந்து லைன்ஃபீட் தட்டிக்கொண்டே போனால் அடுத்தடுத்த வேர்டு வரும், 773776 வரை. டெர்மினல் மென்பொருளில் லாகை ஆன் செய்துவிட்டு மொத்தத்தையும் இங்கே போடுங்கள். நான் ஜொகன்னஸ்பர்கில் வைத்திருக்கும் 8 அங்குல டிரைவையும் பதிவெடுக்கும் கருவியையும் மாத இறுதியில் டர்பன் வரும்போது கொண்டுவருகிறேன். ஆர்டி-11 ஃபிளாப்பியில் தொடங்குவோம்.

பினெட்டவுன்வாசி

லாக் ஓடிக்கொண்டிருக்கிறது. 773024-இல் 054504 வந்துவிட்டது.